நாளைக் கட்டம்

ஜெசிந்தா ஸ்பானிஷ் படிக்கும் மேஜையில் ஒரு பென்சிலும் ஒரு ரப்பரும் குடியிருந்தன. ‘அப்லார்’ என்றால் பேசுவது. அந்த ஒரு சொல்லை இன்று, நேற்று, நாளை என்று மூன்று கட்டங்களில் அவள் மாற்றி மாற்றி எழுத வேண்டும். ஆனால் ஒரு எழுத்து பிசகினாலும் ரப்பர் விடாது. முழு வரியையும் அழித்துவிடும். மூன்று வாரமாகியும் ‘இன்று’ கட்டமே முடிந்தபாடில்லை.

“அண்ணே, நான் சுண்டுவிரல் அளவுக்குத் தேஞ்சுட்டேன். இப்படியே போனா நாளைக் கட்டத்தைப் பாக்காமலே போயிடுவேன்” என்றது பென்சில்.

“அதுக்காக, தப்பை அப்படியே விடச் சொல்றியா?” என்று சிடுசிடுத்த ரப்பர் தாளைப் பார்த்தது. தான் தேய்த்த இடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. அதற்குச் சுருக்கென்றது.

ஜெசிந்தா மறுபடி கை நீட்டியபோது ரப்பர் நழுவிப்போய் பீரோவுக்கு அடியில் விழுந்தது. அவள் தேடிப் பார்த்துவிட்டு, தப்பின்மேல் ஒரு கோடு கிழித்துத் தொடர்ந்து எழுதினாள்.

சாயங்காலம் அவள் குரல் கேட்டது. “அப்லாரே. நான் பேசுவேன்.”

“அண்ணே, நாளைக் கட்டத்துக்கு வந்துட்டோம்!” என்று கத்தியது பென்சில். “ஆனா ரெண்டு தப்பு இருக்கு.”

தூசிக்குள் கிடந்த ரப்பர், பிறந்ததிலிருந்து சொல்லாத ஒன்றைச் சொன்னது. “இருக்கட்டும்பா.”