நான்கு மணி அழைப்பு

லிஃப்ட் கதவு திறந்ததும் முனீரா வலது கையால் இடுப்பை அழுத்திக்கொண்டு ஒன்பதாம் மாடியில் கால் வைத்தாள்.

அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் நாள். நன்றாக நடக்கச் சொல்லியிருந்தார்கள். வார்டுக்குள்தான் நடக்கச் சொன்னார்கள். அவள் இரண்டு மாடி ஏறி வந்துவிட்டாள்.

தும்மினால் உயிர் போய் வந்தது. சிரித்தால் அதைவிட மோசம். ஆனாலும் உதட்டைக் கடித்துச் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். வாசலில் திடீரென்று தன்னைப் பார்த்தால் தம்பி உமைரின் முகம் எப்படிப் போகும் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது.

மூன்று வருடம், வாரத்துக்கு மூன்று முறை, பொங்கோலில் இருந்த டயாலிசிஸ் நிலையத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். தண்ணீரைக்கூட அளந்து குடிப்பான். ஒருநாள், அவன் பட்டது போதும் என்று தோன்றியது. தன் சிறுநீரகம் ஒன்றை அவனுக்குக் கொடுத்துவிட்டாள்.

கணவர் யாக்கூபுக்கு அது பிடிக்கவில்லை.

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருகிட்ட போய் நிப்பேன்?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். அதன் பிறகு மச்சினனோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

உமைர் தினமும் நான்கு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவான். திரை முழுக்க அவன் முகம்தான் இருக்கும். அக்காவை அவன் லாத்தா என்றுதான் அழைப்பான்.

"லாத்தா, உன் கிட்னி ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குது லா! உன்னைய மாதிரியே!"

அவள் தையலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

யாக்கூப் அந்த நேரத்தில் அறையில் இருந்ததே இல்லை. மூன்றே முக்காலுக்கெல்லாம் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போய்விடுவார். தம்பியின் குரலைக் கேட்கக்கூடப் பிடிக்கவில்லையா என்று அவளுக்கு மனம் வாடும்.

இன்றும் அப்படித்தான் போனார். அவர் போனதும் இவள் கிளம்பிவிட்டாள்.

சத்தம்தான் முதலில் வந்தது.

ஒரு உருளை நிற்காமல் சுற்றும் சத்தம். நடுவில் நடுவில் ஒரு 'டிங்'. மூன்று வருடம் கேட்ட சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

வேறு யாருக்கோ ஓடுகிறது என்று நினைத்தாள். பாவம், யாரோ.

தம்பியின் அறை எண்ணைக் கண்டுபிடித்தாள். கதவில் கண்ணாடி. உள்ளே அந்த டயாலிசிஸ் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய இரண்டு சிவப்புக் குழாய்கள் உமைரின் இடது கையில் போய் முடிந்தன.

கால் அங்கேயே நின்றுவிட்டது.

மறுபடியும் எண்ணைப் பார்த்தாள். மறுபடியும் அவனைப் பார்த்தாள். முகம் ஊதியிருந்தது. கண்ணை மூடியிருந்தான்.

யாரோ முழங்கையைப் பிடித்தார்கள். அந்த வார்டு தாதி. பெயர் அட்டையில் அனிதா என்று இருந்தது. முனீராவின் கைப்பட்டையில் இருந்த பெயரைப் படித்ததும் அந்தப் பெண்ணின் குரல் இறங்கிவிட்டது.

"உங்ககிட்ட டாக்டர் பேசிட்டாங்கல்ல, அக்கா? ரொம்ப சாரி. வெச்ச கிட்னிக்குள்ள ரத்தம் கட்டிப்போச்சு. எடுக்குறதத் தவிர வேற வழி இல்ல."

"எப்போ?"

"ஆபரேஷன் ஆன அன்னைக்கே."

முனீரா தலையாட்டினாள். தெரிந்த விஷயம் போலவே தலையாட்டினாள். தாதி நாற்காலி எடுத்து வரப் போனாள்.

அன்றைக்கே.

தன் உடம்பிலிருந்து போனது அவன் உடம்பில் ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை. அது இப்போது எங்கே என்று கேட்க நினைத்தாள். தையல் போட்ட இடம் ஐஸ் வைத்தது போல் மரத்துப்போயிருந்தது. அழுகைகூட வரவில்லை. காலையில் தம்பியைப் பற்றிக் கேட்டபோது டாக்டர் ஏன் சட்டென்று பேச்சை மாற்றினார் என்பது மட்டும் இப்போது புரிந்தது.

உள்ளே, திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை நீண்டது.

அந்தக் கை உமைரின் தலைமுடியை ஒதுக்கிவிட்டது. ஈரப் பஞ்சால் அவன் உதட்டைத் துடைத்தது. போர்வையை இழுத்து, குழாய்கள் மறையும்படி கழுத்துவரை போர்த்தியது.

பிறகு அந்த ஆள் திரைச்சீலையை விட்டு வெளியே வந்தார்.

யாக்கூப்.

கைப்பேசியை உமைரின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். எந்திரம் தெரிகிறதா என்று பார்த்தார். இன்னும் கிட்டே போனார். ஒரு காலை நகர்த்தி வைத்து, கோணலாகக் குனிந்து, இரண்டு கையாலும் அதை அசையாமல் பிடித்துக்கொண்டார். 'சிரி' என்று அவர் உதடு சொன்னதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே முனீராவால் படிக்க முடிந்தது.

உமைர் கண்ணைத் திறந்தான். சிரித்தான்.

அவள் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது.

சுவரோடு ஒதுங்கிப் பச்சைப் பொத்தானைத் தொட்டாள். திரை முழுக்கத் தம்பியின் முகம்.

"லாத்தா! சாப்பிட்டியா? இங்க எல்லாம் சூப்பரா ஓடுது லா."

முனீரா அவனைப் பார்த்தாள். பிறகு கண்ணாடி வழியாக, குனிந்தபடியே நின்றிருந்த அந்த முதுகைப் பார்த்தாள்.

"சாப்பிட்டேன்டா," என்றாள். "மச்சானுக்குக் கை வலிக்கும். போனைக் கீழ வைக்கச் சொல்லு."