சும்மா இருக்கிற முகம்

அவளை ஸ்கேன் குழாய்க்குள் தள்ளினார்கள்.

கண்ணுக்கு நேரே சின்னக் கண்ணாடி. அதில் முகங்கள் வருமாம். கையில் மூன்று பொத்தான்களைக் கொடுத்திருந்தார்கள்.

"மூஞ்சி கோபமா இருந்தா முதல் பட்டன். பயந்திருந்தா ரெண்டாவது. சும்மா இருந்தா மூணாவது. அவ்ளோதான்க்கா," என்றாள் ஸ்கேன் எடுக்கும் பிரிசில்லா.

அவளுக்குத் திடீர் திடீரென்று மூச்சடைக்கிறது. செத்துவிடுவோம் என்று சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். அந்த நேரத்தில் மூளைக்குள் என்ன ஆகிறது என்று முகங்களைக் காட்டிப் பார்க்கத்தான் இந்தக் கூத்து.

கணவன் வெளியே பெஞ்சில் இருந்தான். வந்ததும் டாக்டரிடம் சொல்லிவிட்டான்.

"எல்லாம் நடிப்பு மேடம். அப்படியே எழுதிக் குடுத்துருங்க."

எழுதிக் கொடுத்தால் மாத்திரையை நிறுத்திவிடுவான். நிறுத்தினால் அவள் கதி அவ்வளவுதான்.

முதல் முகம் வந்தது. வாயைப் பிளந்து கத்தியது.

கோபம். அமுக்கினாள். கத்துகிறவன் கத்திவிட்டுப் போய்விடுவான். அவனால் ஒன்றும் ஆகாது.

அடுத்தது பயம். தினமும் கண்ணாடியில் பார்க்கிற மூஞ்சிதானே.

மூன்றாவது முகம்.

உதடு மூடியிருந்தது. புருவம் அசையவில்லை. கண் மட்டும் அவளையே பார்த்தது.

அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

கோபம். கோபம். கோபம்.

"அக்கா, பதறாதீங்க. ஒரு தடவை அமுக்குனா போதும்."

பதறாதீங்களாம். நீ வந்து படு, தெரியும்.

அந்த மாதிரி முகம் வந்தபோதெல்லாம் முதல் பொத்தானைத்தான் அமுக்கினாள். ஒன்றைக்கூட விடவில்லை.

வெளியே இழுத்தார்கள். பிரிசில்லா திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"சும்மா இருக்கிற மூஞ்சிக்கெல்லாம் கோபம்னு அமுக்கியிருக்கீங்களேக்கா. அத்தனையும் தப்பு."

"அது சும்மா இருக்கிற மூஞ்சி இல்ல. அப்படிப் பாத்துட்டுதான் கதவச் சாத்துவாரு."

பிரிசில்லா திரையில் அந்த முகத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

கதவு திறந்தது. கணவன் நின்றான்.

உதடு மூடியிருந்தது. புருவம் அசையவில்லை. கண் மனைவியின் மேலேயே இருந்தது.

பிரிசில்லா தன்னை அறியாமல் ஓர் அடி பின்னால் போனாள்.

"ஏன் சார் கோபமா இருக்கீங்க?"

"கோபமா? சும்மாதான நிக்கிறேன். முடிஞ்சுதுல்ல, அனுப்புங்க."

"இன்னும் முடியல சார். வெளிய இருங்க."

கதவை இந்தத் தடவை பிரிசில்லா சாத்தினாள். தாழ்ப்பாளையும் போட்டாள்.