அவன் ஊசி வலிக்காது

“பிஞ்சுக் கையை முறுக்கி உடைச்சிட்டா, டாக்டரம்மா!” என்று மாமியார் குழந்தையை மேஜைமேல் கிடத்தினாள். ஆறு வாரக் குழந்தை. இடது கை காற்றில் துழாவியது. வலது கை துணிப்பொம்மையின் கைபோல் கிடந்தது.

பெற்றவள் சுவரோரமாக நின்றாள். மூன்று நாளாகப் பால் கொடுக்க மட்டும்தான் பிள்ளை அவள் மடிக்கு வந்தது. வயிறு நிறைந்ததும் மாமியார் பிடுங்கிக்கொள்வாள். “நான் ஒண்ணும் பண்ணல அத்தை” என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

“விடும்மா, தெரியாமப் பண்ணிட்டா,” என்றான் கணவன். அந்த வீட்டில் அவளுக்காக வாய் திறக்கிற ஒரே ஜீவன். திறந்தால் இப்படித்தான் திறக்கும்.

டாக்டரம்மா கையைத் தொட்டதுமே குழந்தை வீறிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே குடமே உடையவில்லை. ஆனால் இரண்டு கைகளிலும் எலும்பின் நுனி அரித்துப்போயிருந்தது.

டாக்டரம்மா குழந்தையின் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் திருப்பிப் பார்த்தார். தோல் உரிந்திருந்தது.

“மூக்கு எத்தனை நாளா ஒழுகுது?”

“ரெண்டாவது வாரத்துலேருந்து. சில நாள் ரத்தமும் வருது. வெறும் சளின்னு அத்தை சொன்னாங்க.”

கர்ப்பகால ஃபைலை வாங்கி, ஐந்தாம் மாத ரத்தப் பரிசோதனையில் விரல் வைத்தார் டாக்டரம்மா. எந்த நோயும் இல்லை என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

“இது எங்க பார்த்தது?”

“இவர் வேலை பார்க்கிற லேப்ல. இவரேதான் பார்த்தார்.” அவள் முகத்தில் அன்று முதல் முறையாக ஒரு பெருமை. “வேற யாரையும் என்னைக் குத்த விடமாட்டார். அப்போ இவருக்கே முதுகுவலி, டாக்டர். வாரம் ஒண்ணுன்னு மூணு ஊசி இடுப்புல போட்டுக்கிட்டு உட்காரவே முடியாமத் தவிச்சார். அந்த நேரத்துலயும் எனக்கு ரத்தம் எடுத்தார். வலிக்கவே இல்ல.”

“தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தம் மறுபடி பார்க்கணும்,” என்றார் டாக்டரம்மா.

“கொடுங்க, நானே பார்த்துடறேன்,” என்று கணவன் கை நீட்டினான்.

“வேணாம். இங்கேயே பார்த்துக்கறோம்.”

மதியம் முடிவு வந்தது.

“யாரும் கையை முறுக்கல,” என்றார் டாக்டரம்மா. “இது சிபிலிஸ். புருஷன் பெண்டாட்டி உறவுல ஒட்டிக்கிற நோய். அம்மாகிட்டேருந்து வயித்துக்குள்ளேயே பிள்ளைக்கு வந்திருக்கு. எலும்பு வலியில கையை அசைக்க மாட்டேங்குது. கல்லீரலும் வீங்கியிருக்கு. பத்து நாள் ஊசி போடணும். பிழைக்குமான்னு இப்போ சொல்ல முடியாது.”

மாமியாருக்கு நோயின் பெயர் வாயில் நுழையவில்லை. ‘அம்மாகிட்டேருந்து’ என்பது மட்டும் நன்றாக நுழைந்தது.

“எவன்கிட்டடி வாங்கிட்டு வந்தே? இனிமே என் பேரப்பிள்ளையை நீ தொடக் கூடாது. இன்னிக்கே உன் அப்பன் வீட்டுக்குப் போயிடு!”

அவள் கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று நம்பினாள், பாவி மகள்.

“விடும்மா. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்,” என்றான் அவன்.

டாக்டரம்மா ஃபைலை அவன் பக்கம் தள்ளினார். “அஞ்சாம் மாசமே தெரிஞ்சிருந்தா இவளுக்கு வாரம் ஒண்ணுன்னு மூணு ஊசி போட்டுப் பிள்ளையைக் காப்பாத்தியிருக்கலாம். என்ன டெஸ்ட் கிட் வச்சிருக்கீங்க? கெட்டுப்போனதா? இன்னும் எத்தனை பேருக்குத் தப்பா எழுதினீங்களோ! உங்க லேபை மூடச் சொல்லி எழுதப் போறேன்.”

அதுவரை குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. பெண்டாட்டியைச் சொன்னால் பொறுத்துக்கொள்வான். தொழிலைச் சொன்னால் அவனுக்குப் பொறுக்காது.

“பதினோரு வருஷத்துல என் டெஸ்ட் ஒண்ணுகூடத் தப்பினதில்ல, டாக்டர். எங்க ரெண்டு பேருக்குமே நோய் இருக்குன்னு அது சரியாத்தான் காட்டுச்சு.”