அக்கரை மேட்டில் ஒரு விளக்கு

மிதவைப் பாலம் காலடியில் அசைந்தது.

அவள் கயிற்றை விடவில்லை. எழுபத்திரண்டு வயது. முதுகுக்குப் பின்னால் போலந்து, எதிரே உக்ரைன். கீழே பூக் நதி.

நூறு தப்படிகூட இருக்காது.

பாலம் இன்று ஒரு நாள் மட்டும்தான். இரண்டு நாட்டு அதிகாரிகளும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். மாலையில் பிரித்துவிடுவார்கள்.

அவள் ஊர் ஸாலெசிட்சே முன்பு ஒரே ஊராகத்தான் இருந்தது. வீடுகளும் தேவாலயமும் இந்தப் பக்கம். மாவு ஆலையும் கல்லறைத் தோட்டமும் அந்தப் பக்கம். இரண்டாம் உலகப் போர் முடிந்த வருடம் நதியையே எல்லையாக்கினார்கள்.

எல்லை விழுந்த அன்று காலை அவள் கணவன் விட்டோல்டு கோதுமை அரைக்கப் படகில் போயிருந்தான்.

மதியம் துறையில் சிப்பாய்கள் நின்றார்கள்.

மாவு மூட்டையோடு அவன் அங்கே. அவள் இங்கே. கத்திப் பேசக்கூட விடவில்லை.

அந்த நவம்பர், கல்லறைத் திருநாளன்று, அக்கரை மேட்டில் ஒரு விளக்கு எரிந்தது. பிர்ச் மரத்தடியில். அவர்கள் மகள் தேக்லாவைப் புதைத்த இடம். மூன்று வயதில் காய்ச்சலில் போன குழந்தை.

அவன்தான் ஏற்றியிருக்கிறான். வேறு யார்?

அடுத்த வருடமும் எரிந்தது. அதற்கடுத்த வருடமும்.

போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. பெண் கேட்டு வந்த தச்சனிடம், எனக்குப் புருஷன் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினாள்.

நாற்பத்தெட்டு வருடங்கள். விளக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை.

பாலத்தைக் கடந்து மேடு ஏற மூச்சு வாங்கியது.

கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. புல் செதுக்கியிருந்தது. பக்கத்தில் ஒரு மர பெஞ்சு. உட்கார்ந்து, மகளின் பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் வாளியோடு ஒருத்தி வந்து நின்றாள். அவள் வயதுதான் இருக்கும்.

"தேக்லாவோட அம்மாதானே நீங்க? நான் பரஸ்கா. ஆலைக்காரர் மக."

பரஸ்கா பேசியது உக்ரைன் மொழி. ஊர் ஒன்றாக இருந்த காலத்தில் எல்லோருக்கும் இரண்டும் புரியும்.

"அவர் எங்க?"

"மூணாவது வருஷமே சோவியத் சிப்பாய்ங்க லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. சைபீரியான்னு சொன்னாங்க. அப்புறம் ஒரு தகவலும் இல்ல."

"அப்ப விளக்கு?"

"ஏறும்போது என்கிட்ட சொன்னார். விளக்கு மட்டும் நின்னுடக் கூடாது, அக்கரையிலேருந்து அவ பாத்துக்கிட்டிருப்பான்னு."

அவள் நதியைப் பார்த்தாள். அங்கிருந்து தன் வீட்டுக் கூரை தெரிந்தது. சமையலறை ஜன்னலும் தெரிந்தது. இத்தனை வருடங்கள் அந்த ஜன்னலில் நின்று அவனிடம் என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். பசு கன்று போட்டதை. அம்மா இறந்ததை. முட்டி வலியை.

பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு என்ன போட்டிருந்தார்?"

"நீலச் சட்டை."

பரஸ்கா யோசிக்கவே இல்லை.

"அவர்கிட்ட நீலச் சட்டை கிடையாதே."

பரஸ்கா வாளியைக் கீழே வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள். கை ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

"நான் தச்சது."

காற்றில் பிர்ச் இலைகள் சலசலத்தன.

பரஸ்கா தலை குனிந்து நின்றுகொண்டே இருந்தாள்.

அவள் பெஞ்சில் சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.