ஏழாம் எண் மரம்

சத்தில்லாத செம்மண்ணில் வட்டமாக நின்ற பன்னிரண்டு மரங்களுக்கும் நான்கு வருடமாகக் குழாய் வழியே கரியமில வாயு ஊட்டிக்கொண்டிருந்தார் ஆய்வாளர் இளம்பரிதி. பதினொன்று அப்படியே நிற்க, ஏழாவது மட்டும் மதமதவென்று வளர்ந்திருந்தது. "எல்லாம் இந்த வாயு செஞ்ச வேலை," என்று, பார்க்க வந்திருந்த விஞ்ஞானிகளிடம் அதன் அடிமரத்தைத் தட்டிக் காட்டினார். சருகு கூட்டிக்கொண்டிருந்த தங்கப்பூ பெருமை தாங்காமல் நிமிர்ந்தாள். "சாப்ட்டதும் சார் தெனமும் மீன்முள்ளப் போட்டு, டிபன் பாக்ஸக் கழுவி ஊத்துற மரமாச்சே! வளராம இருக்குமா?" வந்தவர்களில் ஒருவர் குனிந்து, வேரோரம் கிடந்த வெள்ளை முள்ளொன்றை எடுத்து இளம்பரிதியின் உள்ளங்கையில் வைத்தார். அன்று மதியம் கழுவாத டிபன் பாக்ஸோடு இளம்பரிதி மற்றப் பதினொரு மரங்களையும் சுற்றிச் சுற்றி வந்தார். எதன் முன்னாலும் நின்று அதைக் கழுவி ஊற்ற முடியவில்லை.