மூன்றாவது ஓட்டை

"டொக், டொக், டொக்!"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மறுபடியும் சத்தம். கணக்கு வாத்தியார் டிரில்லிங் மெஷினைக் கீழே இறக்கினார்.

"பாத்தியா? நான் கையை வச்சாலே தட்டுறாரு அந்தப் பக்கத்து வீட்டு மனுஷன்!"

"வயசானவருங்க. சத்தம் ஒத்துக்கலையோ என்னவோ" என்றாள் மனைவி.

"அப்போ முதல் ரெண்டு ஓட்டை போட்டப்ப ஏன் தட்டலை?"

அதுதான் அவளுக்கும் புரியவில்லை.

இந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்து பத்து நாள்தான் ஆகிறது. ஒரே கட்டடம், நடுவில் ஒரு சுவர், இரண்டு குடித்தனம். சமையலறை ஜன்னலோ முகம் பார்க்கும் கண்ணாடி அளவுதான். எதை வதக்கினாலும் வீடு முழுக்கப் புகை. அவளுக்கு ஏற்கெனவே இழுப்பு. அதனால்தான் புகையை வெளியே இழுத்துத் தள்ளும் சிம்னி ஒன்று வாங்கினார்கள்.

மாட்டிக் கொடுக்க ஆள் அனுப்புவதாகக் கடைக்காரர் சொன்னார். வாத்தியார் கேட்டால்தானே!

"நாலு ஓட்டை போட ஆள் எதுக்கு?" என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். சமையலறை ஸ்விட்சை எல்லாம் ஒன்று விடாமல் அணைத்தார். கூடத்திலிருந்து வயர் இழுத்து மெஷினுக்குக் கொடுத்தார். அளந்து நாலு புள்ளி வைத்தார்.

மூன்றாவது புள்ளியில் ஆணியை வைத்து மறுபடி ஒரு தட்டு தட்டினார்.

"டொக், டொக், டொக்!"

நாலாவது புள்ளியில் தட்டினார். அந்தப் பக்கம் மூச்சு இல்லை.

மூன்றாவதில் இரண்டு விரல் தள்ளித் தட்டினார். "டொக், டொக்!"

"நாலுல சும்மா இருக்காரு. மூணுல தட்டுறாரு. இது என்னடி கணக்கு?"

"வாத்தியார் நீங்க. என்னைக் கேட்டா?"

அவருக்குத் தலை சுற்றியது.

"எதுக்கும் போய் என்னன்னு கேட்டுட்டு வாங்களேன்."

"போனேனே! கதவைத் திறந்து மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னாரு. கையை இப்படி இப்படி ஆட்டினாரு. ஒரு வார்த்தை பேசலை. திமிரு! நம்ம பக்கத்துச் சுவர்ல ஓட்டை போட இவர்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

வீம்போடு மெஷினை எடுத்து மூன்றாவது புள்ளியில் வைத்து அழுத்தினார். சுண்ணாம்புத் தூள் பறந்தது. அந்தப் பக்கத்தில் பெரியவர் கதவை உடைப்பது மாதிரி தட்டினார். வாத்தியார் இன்னும் அழுத்தினார். தட்டல் சட்டென்று நின்றது.

கொஞ்ச நேரத்தில் மெஷினும் நின்றது. கூடத்தில் ஃபேன் நின்றது. ஃப்ரிட்ஜும் உறுமலை நிறுத்தியது.

இருவரும் வெளியே ஓடினார்கள். பொது நடையில், இரண்டு வீட்டுக்கும் சேர்ந்த மீட்டர் பெட்டியின் முன்னால் பெரியவர் நின்றிருந்தார். ஒரு காலில்தான் செருப்பு. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கை இன்னும் மெயின் ஸ்விட்சின் மேல் இருந்தது.

"என்ன சார் அக்கிரமம் இது? எங்க வீட்டுக் கரண்டை நிறுத்த நீங்க யாரு?"

பெரியவர் வாய் லேசாகக் கோணியது.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

காய்கறிப் பையோடு வாசலில் நுழைந்த பெரியவரின் மனைவி, பையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"திட்டாதீங்க தம்பி. பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

வாத்தியார் விழித்தார். பெரியவர் காத்திருக்கவில்லை. காலை இழுத்து இழுத்து வாத்தியார் வீட்டுச் சமையலறைக்குள் போனார். மற்றவர்கள் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே போனார்கள். பெரியவர் வாத்தியாரின் காதிலிருந்து பென்சிலை உருவி, சுவரின் மேல் மூலையிலிருந்து கீழே வரைக்கும் சாய்வாக ஒரு கோடு போட்டார்.

கோடு மூன்றாவது ஓட்டையின் மேலேயே போனது.

வாத்தியாரின் மனைவி ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே வயரின் தோல் கிழிந்து செம்பு தெரிந்தது.

"ஸ்விட்சை எல்லாம் அணைச்சுட்டுத்தானே..." என்று இழுத்தார் வாத்தியார்.

"அது மெயின் வயர் தம்பி, உங்க ஸ்விட்சுக்குக் கட்டுப்படாது. இந்த ரெண்டு வீட்டுக்கும் வயரிங் செஞ்சது இவர்தான். நேரா இறக்காம, வேலை சுருக்கா முடியட்டும்னு குறுக்கே இழுத்துட்டாராம். என்னிக்கு யார் உசுருக்கு உலை வைக்குமோன்னு, பேச்சு இருந்த வரைக்கும் புலம்புவார்."

பெரியவர் பென்சிலை வாத்தியாரின் சட்டைப் பையில் போட்டார். பிறகு, விளங்காத இடது கையை வலது கையால் தூக்கிச் சேர்த்து, அவரைப் பார்த்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

வாத்தியார் பதறிப்போய் அந்த அம்மாளைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கச் சொல்றார் தம்பி" என்றார் அவர்.