ஃபில்டர் எடுத்த கேமரா

"நல்லா யோசிச்சிட்டீங்களா அங்கிள்? உள்ள சென்சார் முன்னாடி இருக்கிற ஃபில்டர எடுத்துட்டா அப்புறம் இந்த கேமரா வானத்துக்கு மட்டும்தான் லா."

கையில் ஸ்குரூடிரைவரோடு கேட்டான் லோகன். கிள்ளானில் கேமரா பழுதுபார்ப்பவன். எதிரே நின்றவர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்த சபாபதி. ஓய்வு பெற்ற மறுநாளே பூமியைப் பார்ப்பதை விட்டுவிட்டவர். கடையில் வாங்கிய மிர்ரர்லெஸ் கேமராவில் எந்த மாற்றமும் செய்யாமல், வானில் ஒரே இடத்தை நூற்றுக்கணக்கான தடவை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஆண்ட்ரோமெடா கேலக்சியையே வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர். 'இதுவே போதும்' என்று ஊரெல்லாம் மார்தட்டியவர் இப்படி வந்து நிற்பதை லோகனால் நம்ப முடியவில்லை.

"எடுத்தா என்னப்பா ஆகும்?"

"ஃபில்டர் தடுக்கிற சிவப்பெல்லாம் உள்ள வந்துரும். வானத்துல இருக்கிற நெபுலா மேகமெல்லாம் சும்மா ஜொலிக்கும். மனுஷங்கள எடுத்தா, மூஞ்சி செக்கச் செவேல்னு ரம்புத்தான் பழம்."

"பொறந்தநாள் பார்ட்டியில?"

"கேக்கும் ரம்புத்தான்."

சபாபதி விட்ட பெருமூச்சில் மேசைத் தூசி பறந்தது.

"நிலா இல்லாத சனிக்கிழமை மாசத்துக்கு ஒண்ணு வந்தா பெரிசு. அன்னைக்குத்தான் சொந்தக்காரன் பூரா காது குத்துறான், நிச்சயம் பண்றான். 'நீங்கதான் கேமரா வச்சிருக்கீங்களே'ங்கிறான். வானத்தப் பார்த்து ஒரு வருஷமாச்சு. இந்த சனிக்கிழமை மச்சான் மகளுக்கு இருபத்தொண்ணாவது பொறந்தநாளு, பூச்சோங் ஹால்ல. ஆயிரம் படம் வேணுமாம்!"

"அதுக்காக நல்ல கேமராவப் போயி…" என்று இழுத்தான் லோகன்.

சபாபதியின் போன் அடித்தது; வீடியோ காலில் அந்த மச்சானே வந்தார். நாகையா.

"மாமா, சனிக்கிழமை வெள்ளனவே வந்துருங்க!"

"எங்க மச்சான் வர்றது? கேமரா கடையில கிடக்கு. ஃபில்டர எடுத்தா மூஞ்செல்லாம் சிவப்பாத்தான் வருமாம்."

"சும்மா கதை விடாதீங்க!"

"கடைக்காரத் தம்பியையே கேளு."

சபாபதி போனைத் திருப்பினார். மேசையில் குப்புறக் கிடந்த கேமராவையும் லோகன் கையிலிருந்த ஸ்குரூடிரைவரையும் நாகையா உற்றுப் பார்த்தார்.

"மெய்யாவா பாஸ்?"

"ஃபில்டர் இல்லன்னா சிவப்பாத்தான்ணே வரும்." லோகன் உள்ளதைச் சொன்னான்.

"ஐயோ, என் மகளுக்கு வேணாம் சாமி! நான் வேற ஆளப் பார்க்கிறேன். சொந்தக்காரங்க குரூப்லயும் சொல்லிடுறேன், மாமா கேமரா போச்சுன்னு!"

அழைப்பு துண்டானது. லோகன் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு முதல் ஸ்குரூவில் கை வைத்தான்.

பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார் சபாபதி.

"கைய எடுப்பா! அத யாரு கழட்டப் போறா? எனக்கு ஒரு சாட்சிதான் வேண்டியிருந்தது."